இரண்டாம் ஸ்டேஷனின் சுவிட்ச்

1998 ஆகஸ்ட் 6, வியாழன்

காலையிலிருந்து தூறல். என்.சி.சி. கேடட் உடுப்பு காயவில்லை. இஸ்திரிப் பெட்டியாலேயே ஈரத்தை எடுத்தேன். வாங்க வேண்டியவை: பிரவுன் பாலிஷ், ஹேர்பின், ரிஃபில் இரண்டு.

மதியம் கல்லூரி மாடியில் வயர்லெஸ் வகுப்பு. ஹவில்தார் சார் மறுபடியும் அதே பாட்டு: ஹேண்ட்செட் சுவிட்சை ஒருத்தி அமுக்கினால் மற்ற ஸ்டேஷன்கள் கேட்க மட்டும்தான் முடியும், பேசியதும் விட்டுவிடு.

சனிக்கிழமை டெஸ்ட். டிசம்பர் கேம்ப்பில் கண்ட்ரோலில் உட்காரப்போவது நானா நளினியா என்று அன்று தெரியும். கண்ட்ரோல் அனுமதி கொடுத்தால்தான் மற்றவர்கள் பேசலாம். எனக்கு அது வேண்டும். வீட்டில்கூடச் சொல்லவில்லை.

ஆகஸ்ட் 7, வெள்ளி

வெயில். ஆஸ்டின் டவுனில் பஸ் ஏறி, வயர்லெஸ்ஸில் ஏ, பி, சி-க்குச் சொல்லும் ஆல்ஃபா, பிராவோ, சார்லி என்று முனகிக்கொண்டே போனேன். கண்டக்டர் கன்னடத்தில் எங்கே இறங்கணும் என்றார். டெல்டா என்றுவிட்டேன். பக்கத்து சீட் அம்மாள் தள்ளி உட்கார்ந்தாள்.

நளினிக்குத் திக்கும். வருகைப் பதிவில் 'பிரசன்ட்' சொல்வதற்குள் அடுத்த பெயர் வந்துவிடும். ஆனால் வயர்லெஸ் செட்டில் பேசினால் தண்ணீர் மாதிரி ஓடுகிறது. எல்லாம் மனப்பாடமான வாக்கியம், அதனால்தான் என்கிறாள் மெர்சி, என்னோடு ஸ்டேஷன் பார்ப்பவள். இருக்கலாம். எனக்குப் பொறாமை.

ஆகஸ்ட் 8, சனி

டெஸ்ட். மேகமூட்டம், மழை இல்லை. முதல் பாதி நளினி கண்ட்ரோல், மொட்டை மாடியில். நானும் மெர்சியும் மைதானக் கோடியில், இரண்டாம் ஸ்டேஷன். மூன்றாவதில் பாட்டரி தகராறு, ஹவில்தார் சார் அங்கே.

செய்தி அனுப்பியதும் ஹேண்ட்செட்டை மடியில் வைத்தேன். அதன்மேல் செய்திகளைக் குறிக்கும் லாக் புத்தகம். பிஸ்கட் தின்றோம். மெர்சியிடம் சொன்னேன்: "திக்குவாய கண்ட்ரோல்ல உக்கார வெச்சா, கேம்ப் முடியறதுக்குள்ள ஒரே ஒரு மெசேஜ்தான் போவும்." நளினி மாதிரி பேசியும் காட்டினேன். மெர்சி சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றது, என் மடியையே பார்த்தாள்.

புத்தகத்தின் கனத்தில் சுவிட்ச் அமுங்கியிருந்தது. தூக்கினேன். கொஞ்ச நேரம் இரைச்சல் மட்டும். அப்புறம் நளினி குரல், எப்போதும்போல: எல்லா ஸ்டேஷனுக்கும் கண்ட்ரோல், ரேடியோ செக், ஓவர். ஒன்றாம் ஸ்டேஷன் பதில் சொன்னது. அடுத்து என் முறை. "இரண்டு, ஓகே, ஓவர்." சொன்னேன்.

பாதி முடிந்து எல்லோரும் கூடியபோது பார்த்தேன், கண்ட்ரோலின் லாக்கில் நளினி எழுதியது: இரண்டாம் ஸ்டேஷன், சுவிட்ச் சிக்கியது, இரண்டு நிமிடம். வேறு எதுவும் இல்லை. சார் என்னிடம் கேட்டார், சுவிட்ச் ரிப்பேரா என்று. ஆமாம் சார் என்றேன். ஒன்றாம் ஸ்டேஷன் பெண்கள் ஷூவைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

இரண்டாம் பாதி நான் கண்ட்ரோல். ஒரு தவறும் இல்லை. மாலை சார் அறிவித்தார்: கேம்ப் கண்ட்ரோல் நான். இரண்டு நிமிடம் வயர்லெஸ் நெட் செத்துக் கிடந்தபோது நளினி ஆள் அனுப்பிப் பார்த்திருக்க வேண்டுமாம்.

கைதட்டினார்கள். நளினியும் தட்டினாள்.

ஆகஸ்ட் 9, ஞாயிறு

தலைக்குக் குளித்தேன். ஜலதோஷம் வரும்போல.

அல்சூரில் நளினி வீடு. வாசலில் கேன்வாஸ் ஷூ தேய்த்துக்கொண்டிருந்தாள். மன்னிப்புக் கேட்டேன். தேய்ப்பதை நிறுத்தவில்லை.

"பா... பாதிதான் கேட்டேன். மீதி நேரம் நானும் சு... சுவிட்ச அமுக்கி உனக்கு பதில் சொல்லினு இருந்தேன். நீ வுடல, அதனால யாருக்கும் போ... போவல."

என்ன சொன்னாய் என்று கேட்டேன்.

"இப்ப வராது. அப்ப முழுசா வந்துச்சு. ஒரு எடத்துலகூட திக்கல."

ஆகஸ்ட் 10, திங்கள்

மறுபடி தூறல். பரேடுக்கு முன்னால் ஹவில்தார் சாரிடம் போனேன். சுவிட்ச் ரிப்பேர் இல்லை, புத்தகம் அமுக்கியிருந்தது, நான் பேசியது எல்லா ஸ்டேஷனுக்கும் போனது என்றேன். என்ன பேசினே என்றார். பேசியதை அப்படியே சொன்னேன், நடித்துக் காட்டியதையும். பேனாவை எடுத்து கேம்ப் பட்டியலில் என் பெயரை அடித்தார். கேம்ப்பிலேயே இடம் இல்லை. கண்ட்ரோல் நளினி.