லேப்ரடாரோடு இரண்டு நாள்

காவல் நாய் வாங்கியிருப்பதாக எல்லோரிடமும் பீற்றிக்கொள்பவருக்கு,

அக்கா வீட்டுக்குப் போகிறேன். நாளை மறுநாள் வருவேன். அதுவரை லேப்ரடார் உங்கள் பொறுப்பு. போட்டோவை மட்டும் பார்த்து வாங்கியது நீங்கள். இத்தனை நாள் அதன் முடியைக் கூட்டி அள்ளியது நான்.

காலையும் மாலையும் ஒரு கிண்ணம் சாப்பாடு போதும். எவ்வளவு வைத்தாலும் தின்னும். போதும் என்று சொல்ல அதற்கும் தெரியாது. தினமும் ஓடவிட வேண்டும். கூடவே ஓடினால் உங்கள் தொப்பைக்கும் நல்லது. குளிப்பாட்டினால் காதுக்குள் ஈரம் போகத் துடையுங்கள், இல்லாவிட்டால் சீழ் வைக்கும்.

கேஸ் சிலிண்டர் கொண்டுவந்தவரைப் பார்த்து வாலாட்டியதற்காக, "தண்டச்சோறு, யாருக்காவது குடுத்துடறேன்"னு நேற்று குதித்தீர்கள். யாரைப் பார்த்தாலும் குழையும் இனம் அது. வாங்கும் முன் விசாரிக்காதது அதன் தப்பா? நான் திரும்பும்போது அது இங்கே இருக்க வேண்டும்.

பி.கு.: நீங்கள் கோபத்தில் சுவரில் எறிந்த சாவிக்கொத்து ஷூ அலமாரி மேல் இருக்கிறது. நாய்தான் அதைப் பல் படாமல் கவ்விவந்து உங்கள் காலடியில் வைத்தது. நீங்கள் குனிந்துகூடப் பார்க்கவில்லை. எறிந்ததை எடுத்துவந்து கொடுத்துவிட்டு வாலையும் ஆட்டுவது அதன் பிறவிக் குணம். என்னிடம் அதை எதிர்பார்க்காதீர்கள்.