சாஸ்தா கோயிலில் எடுத்த ரத்தம்

ஆழ்வார்குறிச்சி

அன்புத் தம்பி குமரகுருபரனுக்கு, அக்கா ராஜராஜேஸ்வரி எழுதுவது. நலம் என்று தொடங்க இந்தத் தடவை கை வரவில்லை. போனில் பேசினால் கத்திவிடுவேன், நீயும் வைத்துவிடுவாய். அதனால்தான் ஜெர்மனிக்குத் தபால்.

பேத்திக்கு வயிற்று வீக்கம் குறையவில்லை. தவழப் பார்த்த பிள்ளை இப்போது தலையைத் தூக்கவே சிரமப்படுகிறாள். டாக்டரம்மா சொன்ன நோயின் பெயர் என் வாயில் நுழையவில்லை. ஸ்பிங்கோமயலின் என்றதும் உன் நினைப்புதான் வந்தது. நீ ஆராய்ச்சி பண்ணுகிற கொழுப்பாயிற்றே. அதை உடைக்கிற நொதி பிள்ளைக்கு இல்லையாம். தாய் வழியாக ஒரு பழுது, தகப்பன் வழியாக ஒரு பழுது, இரண்டும் சேர்ந்தால்தான் இந்த நோய் வருமாம்.

அதைச் சொல்லித்தான் உன்னிடம் போனில் அழுதேன். அதற்கு நீ, "எனக்கு நிச்சயத்தன்னைக்கே தெரியும்க்கா" என்றாய்.

அடப்பாவி! பங்குனி உத்திரத்துக்கு நம் சாஸ்தா கோயிலில் சொந்தமெல்லாம் கூடியிருந்தபோது, பொங்கலை இறக்கின கையோடு எல்லாரிடமும் ரத்தம் எடுத்தாயே. நம் கூடப்பிறந்த கடைக்குட்டி கைப்பிள்ளையிலேயே செத்தது நாம் நம்பின மாதிரி காமாலையால் இல்லை, அதைக் கண்டுபிடிக்கத்தான் படித்தேன் என்றாய். நான்தான் முதலில் கையை நீட்டினேன். மதினி பயந்தபோது, "தம்பி கேக்கான், குடுங்க மதினி" என்றதும் நான்தான்.

அந்த ரத்தத்தில் என் மகள் சுகிர்தாவுக்கும் அண்ணன் மகன் குருபிரசாத்துக்கும் ஒரே பழுது இருப்பதைப் பார்த்துவிட்டு, அவர்கள் நிச்சயத்துக்குத் தாய்மாமனாக வந்து தாம்பூலத் தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறாய். கேட்டால், "அண்ணனும் நீயும் சண்டை தீந்து அப்பதான் பேச ஆரம்பிச்சிருந்தீங்க, கெடுக்க மனசு வரல. நாலில ஒண்ணுக்குத்தான வரும்னு விட்டுட்டேன்" என்கிறாய். அந்த ஒன்று என் மடியில் கிடக்கிறது.

என் அடுக்களையில் தோசை தின்றுகொண்டே நீதானே விளக்கினாய்? இந்தக் கொழுப்பு செல்லுக்கு வெறும் சுவர் இல்லை, அதிலிருந்து பிரிகிற செராமைடுதான் உள்ளே சேதி சொல்லும், வளர்ந்தது போதும், செத்துப்போ என்று. அதுவே வேறொன்றாக மாறினால் பிழைத்துக்கொள் என்று சொல்லும். கண்ணுக்குத் தெரியாத செல்லுக்குள் இத்தனை பேச்சா என்று வாயைப் பிளந்தேன். ஏலே, உனக்கு மட்டும் வாய் அடைச்சா கிடந்துது?

இங்கே நிலைமை கேள். மதினி, "எங்க ரத்தத்தில ஒண்ணும் கிடையாது, அது சுகிர்தாவோட அப்பன் வழிச் சீக்கு" என்று சொல்லித் திரிகிறாள். அண்ணன் குற்றாலலிங்கம் தாயையும் பிள்ளையையும் இங்கே கொண்டுவந்து விட்டுவிட்டு ஏரலுக்குப் போய்விட்டார். குருபிரசாத் பரிசோதனைக்கும் வரமாட்டேன் என்கிறான், போனையும் எடுப்பதில்லை. அவனுக்கு வேறு பெண் பார்க்கிறார்களாம். சுகிர்தா, "என்னாலதான பிள்ளைக்கு இப்படி ஆயிட்டு" என்று சோறு தண்ணீர் இல்லாமல் கிடக்கிறாள். டாக்டரம்மா சொல்லை அண்ணன் நம்பவில்லை. நீ சொன்னால் நம்புவார்.

நீ வா. பிள்ளையைக் குணமாக்க மருந்து இல்லை என்று சொல்லிவிட்டார்கள், அதற்காகக் கூப்பிடவில்லை. ஏரலில் அண்ணன் வீட்டில் நின்று, இரண்டு பேர் ரத்தத்திலும் இருக்கிறது, எனக்குத் தெரியும், நான்தான் மறைத்தேன் என்று சொல். சுகிர்தாவையும் கூட்டிக்கொண்டு வருகிறேன். அவள் காது கேட்கச் சொல்.

உன்னை மன்னிப்பேனா என்று கேட்காதே, எனக்கே தெரியாது. அன்றைக்குப் போனை வைக்கும் முன், உன் பிள்ளைகளுக்கும் வந்துவிடுமோ என்று பதறித்தான் கேட்டேன். "இல்லக்கா, என் கல்யாணத்துக்கு முன்னாலேயே அவளுக்குப் பரிசோதனை பாத்துட்டேன், பயமில்ல" என்றாய்.

நல்லது தம்பி. உன் பிள்ளைகள் ஒரு குறையும் இல்லாமல் நீண்ட ஆயுசோடு இருக்கட்டும்.

உன் அக்கா,
ராஜராஜேஸ்வரி