அதே அறுபத்தெட்டு கிலோ

அன்பு மாப்ளே ராஜமாணிக்கம்,

நீ போய் ஒரு வருஷம் ஆகிவிட்டது. திருவெறும்பூர் வீட்டைப் பூட்டிவிட்டு ஸ்ரீரங்கத்தில் மகள் வீட்டுக்கு வந்துவிட்டேன். லிப்ட் இருக்கிறது, சோபா இருக்கிறது, உட்கார்ந்தே பொழுது போகிறது. எதைச் செய்யவும் அலுப்பாக இருக்கிறதடா.

போன வாரம் உன் திதி. உன் மகன் பாலுவோடு காவிரிக்கரை அம்மா மண்டபம் போனேன். அவன் தர்ப்பணம் கொடுத்து முடிக்கும்வரை படித்துறையில் உட்கார்ந்திருந்தேன். எழுந்திருக்கப் பார்த்தால் கால் சொன்னபடி கேட்கவில்லை. இரண்டு முறை முயன்றேன், இரண்டு முறையும் தொப்பென்று உட்கார்ந்தேன். "மாமா, கையைக் கொடுங்க" என்று பாலு தூக்கிவிட்டான்.

எனக்கு உன் கைதான் ஞாபகம் வந்தது.

ரிட்டயர் ஆன பிறகும் ஆயுதபூஜைக்கு ஆலைக்குப் போய், ஸ்டோர்ஸில் சந்தனம் குங்குமம் வைத்த பெரிய எடை மிஷின்மேல் ஏறி நிற்போமே. "வேலைக்குச் சேந்தப்ப அறுபத்தெட்டு, இப்பவும் அறுபத்தெட்டு! பாத்துக்கங்கடா!" என்று எல்லோரிடமும் அலட்டிக்கொள்வாய். நானும் அப்படித்தான். வாழ்நாள் முழுக்க அளவை நம்பிப் பிழைத்த ஃபிட்டர்கள் நாம். முள் நகரவில்லை என்றால் எதுவும் கெடவில்லை என்று இருந்துவிட்டோம்.

மறுநாளே மகள் என்னை ஒரு பிசியோதெரபி பெண்ணிடம் அழைத்துப்போனாள். "எடை அதேதாங்க சார். தொடையில சதை கரைஞ்சு, வயித்துல கொழுப்பு ஏறியிருக்கு. மிஷினுக்கு ரெண்டும் ஒண்ணுதான்" என்றாள் அந்தப் பெண். உன் பேன்ட் தொடையில் தொளதொளத்ததும், வயிற்றில் பட்டன் மாட்டாமல் நீ திணறியதும் இப்போதுதான் புரிகிறது.

நம் வாக்கிங் லட்சணம் தெரியாதா? டீக்கடை வரை போவோம், ஒரு மணி நேரம் உட்காருவோம், திரும்பி வருவோம். கடைசி இரண்டு வருஷம் அந்தப் பெஞ்சிலிருந்து நீயாக எழுந்ததே இல்லை. "கையைக் கொடுடா மச்சான்" என்பாய். நானும் கிண்டல் பண்ணிக்கொண்டே தூக்கிவிடுவேன். உன் வீட்டில் ஒரு வார்த்தை சொல்லவில்லை. உனக்குக் கௌரவக் குறைச்சல் என்று நினைத்தேன்.

வீட்டில் யாரும் இல்லாத அன்றைக்கு நீ பாத்ரூமில் விழுந்தாய். எழ முடியாமல் சாயங்காலம் வரை தரையிலேயே கிடந்தாயாம். அப்புறம் படுத்த படுக்கை, அவ்வளவுதான். அப்போது என் கையை நினைத்தாயா?

அன்றைக்குப் படித்துறையிலேயே பாலுவிடம் அந்தப் பெஞ்சு விஷயத்தையெல்லாம் சொல்லிவிட்டேன். "என்கிட்ட சொல்லியிருக்கலாமே மாமா" என்றான். என்னை மன்னித்துவிடு மாப்ளே.

தினமும் காலையில் கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து பத்து முறை எழச் சொல்லியிருக்கிறாள் அந்தப் பெண். நேற்று நாலு முடிந்தது. இன்றைக்கு மூன்றுதான். மூச்சு வாங்குகிறது, விட்டுத் தொலைக்கலாம் என்றுதான் தோன்றுகிறது. ஆனாலும் எத்தனை முடிந்தது என்பதை மகளிடம் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

அடுத்த திதிக்கும் அதே படியில் உட்காருவேன். பாலு கை நீட்டுவான். வேண்டாம்டா என்று சொல்லிவிட்டு எழுந்து நிற்பேன். முடியாவிட்டால், முடியவில்லை என்று உரக்கச் சொல்லிவிட்டுத்தான் அவன் கையைப் பிடிப்பேன்.

பெண் கொடுக்காமல், பெண் எடுக்காமல் உனக்கு மச்சானான
தங்கராசு