நாற்காலி நகர்ந்த படம்

சேசு மரி சூசை

இராயபுரம்,
1931 பிப்ரவரி 9, திங்கட்கிழமை

அன்புள்ள மகன் சவரிநாதனுக்கு அம்மா எழுதுவது. ஈப்போவில் நீயும் உன் வீட்டாரும் ஆண்டவர் கிருபையால் சுகமாயிருக்க வேண்டும் என்று தினமும் பூசையில் கேட்டுக்கொள்கிறேன். இங்கே யாவரும் சுகம் என்று அடுத்த வரியில் எழுதுவது முறை, கன்னியர் மடத்தில் எங்களுக்கு அப்படித்தான் கற்றுக்கொடுத்தார்கள், ஆனால் நல்ல கையெழுத்தில் எழுதினாலும் பொய் பொய்தான். உன் தங்கை தங்கபுஷ்பம் சுகமாயில்லை. மழைக்காலத்தில் தொடங்கிய இருமல், சளி என்று நினைத்தோம், மார்கழியில் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குக் கணக்குப் போட்டுக் காட்டும்போது கைக்குட்டையில் இரத்தம் வந்திருக்கிறது, அதை என்னிடம் சொல்லாமல் தானே துவைத்துக் காயப்போட்டிருக்கிறாள். க்ஷயம் என்று சொல்லிவிட்டார்கள். மதனப்பள்ளி க்ஷய ஆஸ்பத்திரிக்கு அனுப்பலாமா என்று கேட்டேன், ரயில் பயணம் தாங்காது என்றார் டாக்டர். ஏப்ரலில் வரும் பாஸ்குத் திருநாள் வரை இருந்தால் அதிசயம் என்று வாசலில் நின்று என்னிடம் இங்கிலீஷில் சொன்னார், அவளுக்குக் கேட்காது என்று நினைத்து. அவள் உள்ளேயிருந்தபடியே 'தாங்க் யூ டாக்டர்' என்றாள். அந்த மனிதருக்கு முகம் செத்துப்போயிற்று.

அவள் கேட்டது ஒன்றே ஒன்று. அண்ணனோடு ஒரு படம் வேண்டும் என்றாள். ஊரார் வீட்டுப் பிள்ளைகளையெல்லாம் நிறுத்திப் படம் பிடித்த இந்த வீட்டில் நீங்கள் இரண்டு பேரும் சேர்ந்து நிற்கும் படம் சிறுமியாக அவள் கோயிலில் புதுநன்மை வாங்கிய அன்று எடுத்ததுதான், அதற்குப் பிறகு இல்லை. உனக்கு 1933இல்தான் லீவு என்று அவளுக்கு எழுதியிருக்கிறாயாம். புறப்பட்டு வா என்று எழுத எனக்கு வாய் உண்டா இல்லையா என்பது நம் இருவருக்கும் தெரியும். எட்டு வருஷத்துக்கு முன் நீ அனுப்பிய கல்யாணப் படத்தை நான் திருப்பி அனுப்பினேன். கூட ஒரு கடிதமும் வைக்கவில்லை, பின்னட்டையில் பென்சிலால் 'வெளிச்சம் சரியில்லை' என்று மட்டும் எழுதினேன். நீ ஒரு சீனப் பெண்ணைக் கட்டியதைவிட, அந்தச் சேதி எனக்கு ஒரு வாடிக்கைக்காரிக்கு வருவதுபோல அட்டையில் ஒட்டி வந்ததுதான் என்னைச் சுட்டது, ஆகவே வாடிக்கைக்காரிக்கு எழுதுவதுபோலவே பதில் எழுதினேன். திட்டவில்லை, சபிக்கவில்லை, கண்ணியமாக நடந்துகொண்டேன் என்று பெருமைகூடப் பட்டேன். வெளிச்சம் சரியில்லாதது உண்மைதான். ஆனால் ஒரு தாய் முதலில் பார்க்க வேண்டியது அதுவல்ல. அதன்பின் நீ தங்கைக்கு மட்டும் பள்ளிக்கூட விலாசத்துக்கு எழுதினாய், அவள் அவற்றை எங்கே வைத்திருக்கிறாள் என்று எனக்குத் தெரியும், ஒன்றையும் நான் பிரித்ததில்லை.

ஆகையால் கடல் கடந்து போன பிள்ளைகளுக்கு நம் ஸ்டூடியோவில் செய்வதையே உனக்கும் செய்வதென்று முடிவு செய்தேன். குடும்பத்தை நிறுத்தும்போது ஓர் ஆள் அகலத்துக்கு இடம் விட்டு நிறுத்துவது, அவன் அங்கிருந்து அனுப்பும் படத்தில் அவனை மட்டும் வெட்டி அந்த இடத்தில் ஒட்டுவது, ஓரத்துக்கு வர்ணம் தீட்டி மறுபடியும் ஒரு படம் பிடிப்பது. உன் அப்பா தொடங்கிய வேலை, அவர் போன பிறகு நானே அறுபது குடும்பங்களுக்கு மேல் செய்துவிட்டேன், ரங்கூனும் நேட்டாலும் மோரீசும் என் கத்தரிக்கோலுக்குத் தெரியும். மார்க்கெட்டில் மீன் விற்கும் சொக்கம்மாள் போன மாதம் தன் படத்தை வாங்கிப் பார்த்துவிட்டு, 'இன்னா தாயே இது, எம் புள்ள காலு தரையிலயே படல, கொடியில காயப்போட்ட துணி மேரி தொங்கிகினு கீறான்' என்று தெருவே கேட்கக் கேட்டாள். அவள் சொன்னது சரி. காலடியில் நிழல் போட விட்டுவிட்டேன், பார்வை முன்போல இல்லை. அவளை உட்காரவைத்து அங்கேயே நிழலைத் தீட்டிக் கொடுத்தேன். 'ஆங், இப்பதான் வூட்டுக்கு வந்தான்' என்று கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அவன் வரமாட்டான் சவரி. நான் ஒட்டியவர்களில் ஒருவனாவது திரும்பி வந்து தாய்க்குப் பக்கத்தில் நின்று அசல் படம் எடுத்துக்கொண்டதாக என் ஆர்டர் புத்தகத்தில் இல்லை. படம் சுவரில் ஏறியதும் வீட்டாருக்கும் ஏக்கம் கொஞ்சம் அடங்கிவிடுகிறது, அவனுக்கும் வர வேண்டிய அவசரம் போய்விடுகிறது. நான் செய்தது உபகாரமா அபகாரமா என்று இப்போது எனக்கே தெரியவில்லை.

போன சனிக்கிழமை காலையில் எடுத்தோம். துறைமுகத்து நிலக்கரிப் புகை கூரைக் கண்ணாடியில் படிந்து கிடந்ததைக் கழுவச் சொன்னேன். புஷ்பத்துக்கு அவளுடைய நீலப் பட்டுச் சேலையைக் கட்டிவிட்டேன், ரவிக்கைத் தோள் இரண்டு விரல் தொளதொளவென்று இருந்தது, முதுகில் ஊசி குத்தி இழுத்துவிட்டேன். காமிரா முன் உட்காராத நானும் இந்த ஒரு முறை உட்கார்ந்தேன். நடுவில் உனக்காக இடம் விட்டேன். எவ்வளவு விடுவது என்றுதான் தெரியவில்லை. நீ கப்பலேறும்போது உன் தோள் அகலம் பதினாறு அங்குலம், கோட்டுக்காக நான் அளந்தது, இப்போது நீ தடித்தாயோ இளைத்தாயோ. பதினெட்டு விட்டேன். புஷ்பம் அதைப் பார்த்துவிட்டு, 'இந்த எடத்துல அண்ணன் நிக்க முடியாதும்மா, அண்ணன் குடையை வேணுன்னா சாத்தி வைக்கலாம்' என்றாள். அண்ணி எங்கே நிற்பாள், பிள்ளைகள் இரண்டும் எங்கே நிற்கும் என்று கேட்டாள். உனக்குப் பிள்ளைகள் இருப்பதை நான் அப்போதுதான் கேள்விப்பட்டேன். கேட்காததுபோல இருந்துவிட்டேன். நீ கேட்டது அண்ணனோடு படம், அண்ணன் மட்டும் போதும், அசையாமல் உட்கார் என்றேன்.

நம் படங்களுக்குச் சட்டம் போடுகிற காஜா மொய்தீன் பாயைத்தான் லென்ஸ் மூடியை எடுத்து மூன்று எண்ணி மூடச் சொல்லியிருந்தேன். நான் நேரே பார்த்து உட்கார்ந்துவிட்டேன். அவர் படம் விழும் கண்ணாடித் தகட்டைத் திறந்து மூடியில் கைவைக்கும்போது என் பக்கத்தில் புஷ்பத்தின் நாற்காலி தரையில் இழுபடும் சத்தம் கேட்டது. இழு, நில், மூச்சு வாங்கு, மறுபடி இழு. என் தலையைத் திருப்ப என்னால் முடியவில்லை மகனே. முப்பது வருஷமாக ஊரையே அசையாதே அசையாதே என்று அதட்டியவள் நான், என் கழுத்து எனக்கே கீழ்ப்படிந்துவிட்டது. பாய் நிதானமாக ஒண்ணு, ரெண்டு, மூணு என்று எண்ணி மூடினார். ஏன் தடுக்கவில்லை என்று பிறகு அவரைக் கடிந்துகொண்டேன். 'நீங்க மூடியைப் பாருன்னீங்க, நான் மூடியைத்தாம்மா பார்த்தேன்' என்றார், என் முகத்தைப் பார்க்காமல். அவரும் புஷ்பமும் முன்பே பேசி வைத்திருந்தார்களோ என்னவோ.

அந்த நாற்காலி தேக்கு, எனக்கே நகர்த்தக் கஷ்டம். அன்று மதியம் அவளுக்கு ஒரு கிண்ணம் அளவு இரத்தம் வந்தது, அதற்குப் பிறகு கட்டிலை விட்டு எழுந்திருக்கவில்லை. இன்னொரு முறை உட்காரவைக்க வழியில்லை, இருப்பது அந்த ஒரு தகடுதான். கழுவிப் பார்த்தேன். முகம் தெளிவாக விழுந்திருக்கிறது, அசைவு இல்லை. ஆனால் அவள் இழுத்த இழுப்பில் திரைச்சீலையின் ஓரம் முடிந்து, காரை பெயர்ந்த சுவர் ஒரு சாண் தெரிகிறது, வேறு யாராவது இப்படி எடுத்திருந்தால் தகட்டை உடைத்துப் போட்டிருப்பேன். எனக்கும் அவளுக்கும் நடுவே நாலடிக்கு மேல் வெறும் தரை கிடக்கிறது. அதில் உன்னை ஒருவனாக ஒட்டினால் மூன்று பேரும் மூன்று ஊரில் நிற்பதுபோல் இருக்கும்.

ஆகவே நான் சொல்வதைக் கவனமாகப் படித்து அப்படியே செய். நீங்கள் நாலு பேரும் சேர்ந்து படம் எடுத்துக்கொள்ளுங்கள். வெளிச்சம் உங்கள் வலத்தோள் பக்கமிருந்து விழட்டும், லென்ஸ் உன் மார்பு உயரத்துக்கு இருக்கட்டும். பின்னால் வெள்ளை வேட்டி ஒன்றைக் கட்டு, யாரும் வெள்ளை உடுத்த வேண்டாம், உடுத்தினால் வெட்டுவதற்கு ஓரம் தெரியாது. கால் முழுதும் விழ வேண்டும், கம்பளம் வேண்டாம். நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நிற்காதே, கையை வைப்பதானால் பிள்ளையின் தோளில் வை. வீட்டில் பேசாத ஆண்கள்தான் ஸ்டூடியோவில் நாற்காலி முதுகைத் தேடுவார்கள், நான் நிறையப் பார்த்துவிட்டேன். உன் மனைவி புஷ்பத்தின் பக்கம் நிற்கட்டும். பிள்ளைகளின் உயரத்தை அங்குலத்தில் அளந்து எழுது, அளவு தெரிந்தால்தான் என்னால் சரியாகப் பெரிதாக்க முடியும். அசையாதே என்று அவர்களை அதட்டாதே.

கணக்குப் பார்த்துவிட்டேன். இந்தக் கடிதம் வியாழக்கிழமைக் கப்பலில் ஏறி உன் கைக்கு வர இம்மாதம் இருபத்திரண்டு, இருபத்துமூன்று ஆகும். நீ மறுநாளே படம் எடுத்து அனுப்பினாலும் மார்ச் நடுவில்தான் இங்கே வரும், அதன்பின் என் வேலைக்கு ஒரு வாரம். நேற்று பங்குச் சுவாமியார் வந்து அவளுக்குக் கடைசித் தைலமாகிய அவஸ்தைப் பூசுதல் கொடுத்துவிட்டுப் போனார். அந்தப் படத்தை அவள் பார்க்கமாட்டாள். அவளுக்கும் அது தெரியும் என்று நினைக்கிறேன், அவள் நாற்காலியை நகர்த்தியது தனக்காக அல்ல. இருந்தும் அனுப்பு.

இன்னொன்று. படத்தின் அடியில் இடமிருந்து வலமாகப் பெயர்களை எழுதித் தருவது நம் வழக்கம். நேற்று அட்டையை எடுத்து வைத்து எழுதத் தொடங்கினேன். தங்கபுஷ்பம் என்று எழுதினேன். அடுத்தது உன் மனைவி. பேனா அங்கேயே நின்றுவிட்டது. எட்டு வருஷமாக எனக்கு மருமகள் ஒருத்தி இருக்கிறாள், அவள் பெயர் எனக்குத் தெரியாது. பேரப்பிள்ளைகள் ஆணா பெண்ணா என்பதும் தெரியாது. இன்று காலையில் கஞ்சி கொடுக்கும்போது புஷ்பத்தைக் கேட்டேன். அவளுக்கு எல்லாம் தெரியும். மூச்சு வாங்கிக்கொண்டே சிரித்தாள். 'நான் சொல்லமாட்டேம்மா, அண்ணனைக் கேளுங்க' என்றாள். கேட்கிறேன்.

குளிர்காற்றில் மார்பைத் திறந்துபோட்டுத் திரியாதே, இந்த நோய் நம் இரத்தத்தில் இருக்கிறதோ என்று பயமாயிருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைப் பூசையை விடாதே. உனக்கும் உன் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் தேவமாதா துணையிருக்கட்டும், என் ஆசீர்வாதம் நாலு பேருக்கும். படம் எடுக்கத் தாமதமானாலும் ஆகட்டும், பெயர்களை மட்டும் இந்தக் கடிதம் கண்ட அன்றே தந்தியில் அனுப்பு. புஷ்பத்துக்குக் காது கேட்கும்போதே நான் அவற்றை ஒரு முறை வாய்விட்டுச் சொல்ல வேண்டும்.

உன் தாய்,
இஞ்ஞாசியம்மாள்