இடது கன்னம்

அன்புள்ள மாதுவுக்கு,

நேரில் பேசினால் நீ பதில் சொல்வாய். பதில் சொன்னால் கன்னத்தில் மின்னல் வெட்டும். அதனால் எழுதுகிறேன்.

முகத்து நரம்பு வலியைப் பல்வலி என்று நினைத்து உன் நல்ல பற்களைப் பிடுங்கிய பல் டாக்டரை நீ ஒரு வார்த்தைகூடத் திட்டவில்லை. வாயைத் திறக்க முடியாததை அவர் உன் நல்ல குணம் என்று எடுத்துக்கொண்டார். கம்பெனியும் அப்படித்தான். நீ பேசாமல் நிற்பதைக் கண்டிப்பு என்று நம்பி, சிறந்த சூப்பர்வைசர் விருது கொடுத்தது.

உன்னைப் பார்க்க வந்த, உன் அசெம்பிளி லைனில் வேலை செய்யும் யுவஸ்ரீ கேட்டாள்: "அண்ணா, அக்கா சும்மா பாத்தாலே லைன்ல அத்தன பேருக்கும் கை தானா ஓடும். ஊட்லயும் இப்டித்தானா?"

சிரிக்கப் போய், நீ கன்னத்தைப் பிடித்துக்கொண்டாய்.

பஸ் ஜன்னல் காற்று பட்டாலே துடிக்கும் முகத்தோடு நீ ஒரு ஷிப்டையும் விட்டதில்லை என்று நான் அவளிடம் சொல்லவில்லை. விருதைக் கெடுப்பானேன்?

நாளை பெங்களூரில் ஆபரேஷன். வலி போகும், கன்னம் மரத்தும் போகலாம் என்றார் டாக்டர். கையெழுத்துப் போட்டுவிட்டு நீ என்னைப் பார்த்தாய். நான் பார்க்கிங் சீட்டைத் தேடிக்கொண்டிருந்தேன்.

மரத்தால் மரக்கட்டும். அந்தப் பக்கம் சோறு ஒட்டியிருந்தால் சொல்ல நான் இருக்கிறேன்.

உன் வீட்டுக்காரன்