கோட்டுக்குள் போன கை

இன்று காலை இஷொய் நகருக்குப் போகும் ரயிலில் பயணச்சீட்டுப் பரிசோதகர் ஏறினார். அவர் கேட்குமுன்பே என் கை கோட்டுக்குள் போனது. போன கை அப்படியே மரத்துவிட்டது. பக்கத்து இருக்கையில் வழக்கம்போல யாரும் இல்லை. உன்னைத்தான் நினைத்தேன்.

"ஆமி கேக்க முதல் ஐசியை நீட்டிப்போடோணும் மச்சான். கேட்டாப் பிறகு எடுத்தா அடிதான்" என்பாய். உன்னை அவசரக் குடுக்கை என்று கேலி செய்வேன். ஆனால் யாழ்ப்பாணத்தில் எத்தனையோ இராணுவச் சோதனைச்சாவடிகளில், அடையாள அட்டையை முந்தி நீட்டும் அந்த அவசரம்தான் நம் இருவரையும் காப்பாற்றியது.

போன மாரிக் குளிரில், கோல்டிங் நகரில் மீன் ஆலை வேலை முடிந்து மூவர் சைக்கிளில் வந்தோம்: நீ, நான், கூட வேலை செய்த டெனிஷ்காரன். மூன்று சைக்கிளிலும் விளக்கில்லை. நாலு மணிக்கே இருட்டும் நாட்டில் அது குற்றம்தான். பொலிஸ் வண்டி மறித்தது. அவனிடம், "விளக்கு வாங்கிப் பூட்டு, போ" என்றார்கள். பெயர்கூடக் கேட்கவில்லை. நம்மைச் சுவரோரம் நிற்கச் சொன்னார்கள். நீ கோட்டுக்குள் கையை விட்டாய்.

அடையாள அட்டைக்குத்தான் என்று எனக்குத் தெரியும். அவர்கள் கத்தி என்று நினைத்தார்களாம். இரண்டு பேர் பாய்ந்து உன்னைக் குப்புற விழுத்தி, முதுகில் முழங்காலை ஊன்றினார்கள். "மூச்சு முட்டுது... சொல்லடா அவங்களுக்கு" என்று என்னைப் பார்த்துக் கத்தினாய்.

நான் சொல்லவில்லை. மொழி தெரியாமல் போய்விட்டது என்றுதான் எல்லோரிடமும் சொல்லி வருகிறேன். உன்னிடம் என்னத்தை மறைக்க? ஆங்கிலத்தில் சொல்லியிருக்கலாம். வாயைத் திறந்தால் என்னையும் விழுத்துவார்கள் என்று பயந்தேன். கையை உயர்த்திக்கொண்டு நின்றேன், நீ அடங்கும்வரை.

உன் சாவுக்கு இதயம் பலவீனம்தான் காரணம் என்று எழுதி முடித்தார்கள். விசாரணையில், "கடைசியாக ஏதாவது சொன்னாரா?" என்று கேட்டார்கள். என் அகதி விண்ணப்பத்துக்கு அப்போது பதில் வந்திருக்கவில்லை. "இல்லை" என்றேன்.

விண்ணப்பம் சரிவந்தது. கோல்டிங்கில் இருக்க மனமில்லாமல் இங்கே இஷொய்க்கு வந்துவிட்டேன். இங்கேயும் நம்மவர்கள் இருக்கிறார்கள். யாருடனும் அதிகம் கதைப்பதில்லை. கதைத்தால் உன் பேச்சு வந்துவிடும்.

உன் அம்மா கடிதம் போட்டிருக்கிறார். "தம்பி, நீதானே பக்கத்தில நிண்டனீ. பிள்ளை கடைசியா என்ன சொன்னவன்?"

மூன்று கிழமையாகப் பதில் எழுதவில்லை. அன்று அங்கே நின்றவர்களில் தமிழ் தெரிந்தவன் நான் ஒருவன்தான், மச்சான்.