மஞ்சள் பூசிய அட்டை

வீடு பூட்டியிருந்தது. அன்று உன்னிடம் நான் சொல்லாமல் விட்டது இவ்வளவுதான்.

இன்று காலை ஜன்னலைத் திறந்ததும் பக்கத்துத் தெருவிலிருந்து அந்த வாசம் வந்தது. பட்டு நூலைச் சோப்பும் சோடாவும் போட்ட கொதிநீரில் வேகவைக்கிற வாசம். நம் ஊரில் இதற்கெல்லாம் யாரும் முகம் சுளிப்பதில்லை. நான் மட்டும் எழுந்து ஜன்னலை மூடினேன். மூடிவிட்டு மறுபடி திறந்தேன். காப்பி ஆறிப்போனது. படிக்க எடுத்த புத்தகத்தில் ஒரே பக்கத்தை மூன்று முறை படித்துவிட்டு, இதை எழுத உட்கார்ந்தேன்.

பள்ளிக்கூட நாட்களிலிருந்தே வாழ்த்து அட்டை என்றால் பின்னணி உன்னுடையது, உள்ளே எழுதும் வரி என்னுடையது. மசியில் நனைத்த நூலை மடித்த அட்டைக்குள் வளைத்து வைப்பாய். மேலே என் தடிப் புத்தகம் ஒன்றை வைத்து அழுத்தி, நூலின் நுனியைப் பிடித்து இழுப்பாய். திறந்தால் இறகு போலவோ விரிந்த தாழை மடல் போலவோ ஏதாவது விழுந்திருக்கும். ஒருநாள் மசி தீர்ந்துவிட்டது. மஞ்சள் நீர் பூசிக் காயவைத்த அட்டை மட்டும் மீந்திருந்தது. உன் அப்பா வேகவைத்து எடுத்த நூலில், அலசாமலே ஓர் இழையை உருவிக்கொண்டு வந்தாய். இழுத்துவிட்டுத் திறந்தோம். சோடா பட்ட இடமெல்லாம் மஞ்சளில் அரக்குச் சிவப்பாகக் கோடு ஓடியிருந்தது.

“அய்ய, அட்டைக்கு வெக்கம் வந்துட்ச்சிடி!” என்றாய்.

“அலசாத நூலத் தொட்டா உங்கப்பா ஒதப்பாருடி.”

“அவரு வர்றதுக்குள்ள இன்னும் ரெண்டு போட்டுக்கலாம். அந்தப் பக்கம் புடி.”

உன் அக்காவுக்கு ஓர் அட்டை அனுப்ப வேண்டும் என்று உனக்குத் தோன்றியது, தாம்பரம் ஸ்டேஷனில் நான் அவளைப் பார்த்துவிட்டு வந்த பிறகு. வேறு சாதிப் பையனைக் கட்டிக்கொண்டு அவள் போய் மூன்று வருடம் ஆகியிருந்தது. அவள் போன மறுநாள், அவள் கல்யாணத்துக்கென்று அவளும் அப்பாவுமாகப் பாதிவரை நெய்திருந்த புடவையை அப்பா தறியிலேயே அறுத்துப் போட்டார். மஞ்சள் உடல், அரக்குக் கரை. அந்தக் கரைக்கென்று அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்து, ஊடை நூலோடு ஓடும் நாடாவை வீசியவள் அக்காதான். ஸ்டேஷனில் அவள் வயிற்றில் பிள்ளையோடு நின்றாள். போன் நம்பர் கேட்டேன். “நம்பர்லாம் வேணாம்மா. அப்பா கூப்புடட்டும், அன்னிக்கே வரேன்” என்று வீட்டு முகவரியை மட்டும் சொன்னாள்.

அப்பா வாயைத் திறக்கமாட்டார் என்று உனக்குத் தெரியும். அதனால் அவர் கையைக் கேட்டாய். கிண்ணத்தில் மஞ்சளைக் கரைத்து, வெள்ளை அட்டையோடு தறிக்குப் பக்கத்தில் வைத்து, “அக்காவுக்கு. நீயே பூசுப்பா” என்றாய். அவர் நாடாவைக் கீழே வைத்தார். பிறகு உள்ளங்கையை நனைத்து மேலிருந்து கீழே ஒரே இழுப்பாக இழுத்தார். நான்கு விரல் தடமும் அப்படியே விழுந்தது. காய்ந்ததும் ஓரத்தில் அரக்குக் கரையை நீ சோடா நூலால் இழுத்தாய்.

“மஞ்சள் நிக்காதும்மா. வெயில் படாம எட்த்துக்கினு போ” என்று, அதைக் கொண்டுபோய்க் கொடுக்கவிருந்த என்னிடம் அப்பா சொன்னார். சாயம் ஏற்றிய நூலை நிழலில் உலர்த்துகிற தெரு அது. எனக்கும் தெரியாததில்லை.

“உள்ள இன்னா எழுதட்டும்?” என்று கேட்டேன்.

“ஒண்ணும் வேணாம்டி. பாத்தாலே அவளுக்குப் புரியும். நீ எழுதறதப் படிச்சிப் புரிஞ்சிக்கறதுக்குள்ள புள்ள பொறந்துடும்.”

சிரித்தேன். சுருக்கென்றும் இருந்தது.

பெருங்களத்தூரில் அக்காவின் வீடு பூட்டியிருந்தது. பக்கத்து வீட்டிலும் ஆளில்லை. மாலை ரயிலுக்கு இருபது நிமிடம்தான் இருந்தது. நீ போட்டுக்கொடுத்த கண்ணாடிக் கவரோடு அட்டையை ஜன்னல் கம்பிக்கும் கதவுக்கும் நடுவே சாய்த்து வைத்தேன், வந்ததும் அவள் கண்ணில் படட்டும் என்று. வெயில் என் முதுகில் அடித்துக்கொண்டிருந்தது. அது அட்டையின் மீதும் அடிக்கிறது என்று நான் யோசிக்கவில்லை. அல்லது யோசித்தும் வைத்தேனா? உன் கேலி தைத்த அந்தச் சுருக்கென்ற வலி என் கைக்குள் இருந்ததா? எத்தனை முறை கேட்டுப் பார்த்தாலும் ஒரே பதில் வருவதில்லை.

நீ வாசலிலேயே நின்றிருந்தாய்.

“குடுத்தியா?”

“ம், குடுத்துட்டேன்.”

“இன்னா சொன்னா?”

“ஒண்ணும் சொல்லல. வாங்கிக்கிச்சி.”

அடுத்த திங்களன்று போய் நேரில் கொடுத்துவிட்டால் பொய் மெய்யாகிவிடும் என்று நினைத்தேன். திங்களன்று ஆபீசில் வேலை. அதற்கடுத்த வாரம் வேறொன்று. அதற்குள் உன் தெருவில் ஆட்டோ ஏதாவது நின்றால் வந்தது அக்காவோ என்று உங்கள் வீட்டுத் தறிச்சத்தமும் நிற்கத் தொடங்கியிருந்தது. ஒரு மாதம் கழித்து நீயே சொன்னாய்: “அப்பா கையப் பாத்துட்டும் வரலன்னா, இனிமே அவளப் பத்திப் பேச வேணாம்டி.” அப்போதாவது சொல்லியிருக்கலாம். நான் குனிந்து ஓர் அட்டையின் மூலையை உன்னைப் போலவே வளைத்துக் கத்தரித்துக்கொண்டிருந்தேன்.

ஐப்பசியில் உனக்குக் காய்ச்சல் வந்தது. எட்டாம் நாள் நீ இல்லை.

அந்த வீட்டுக்கு நான் இரண்டாம் முறை போனது உன் சாவைச் சொல்ல. அக்கா இடுப்பில் குழந்தையோடு கதவைத் திறந்தாள். அழுதுகொண்டே குழந்தைக்குத் துணி எடுத்து வைத்தாள். பிரிட்ஜின் மேல் ஒரு வெள்ளை அட்டை ஒட்டியிருந்தது. நீ வளைத்து வெட்டும் மூலையைப் பார்த்ததும் எது என்று எனக்குத் தெரிந்துவிட்டது; மஞ்சளும் கரையும் வெயிலில் முழுக்க வெளுத்திருந்தன. குழந்தையின் தடுப்பூசி நாட்களை அதில் பேனாவால் வரிசையாக எழுதியிருந்தாள்.

“அதுவா? பிரசவத்துக்கு மாமியார் ஊருக்குப் போயிட்டு மூணு மாசம் கழிச்சி வந்தேன். ஜன்னல்ல கெடந்துதும்மா. உள்ளயும் ஒண்ணும் எழுதல. யாரோ தெரியாம வெச்சிட்டாங்கன்னு நெனச்சேன்.”

வரும் வழியில் எல்லாவற்றையும் சொன்னேன். காஞ்சிபுரம் வரும்வரை அவள் குழந்தையின் பக்கமே திரும்பி உட்கார்ந்திருந்தாள்.

பதினாறாம் நாள் அப்பாவிடமும் சொன்னேன். முழுதும் கேட்டார்.

“ஜன்னலு மேக்க பாத்துதாம்மா?”

“ஆமாப்பா.”

தலையை ஆட்டிவிட்டுத் தறிக்குழிக்குள் இறங்கினார்.

இப்போதெல்லாம் ஒரு காகிதத்தை எங்கேயாவது வைக்கும் முன் வெயில் எந்தப் பக்கம் என்று பார்க்கிறேன். ஆபீசில் யாராவது “குடுத்தாச்சா?” என்று கேட்டால் பதில் வர நேரமாகிறது.

அக்கா மாதம் ஒருமுறை குழந்தையோடு வந்து போகிறாள். அப்பா குழந்தையை மடியில் வைத்துக்கொள்கிறார். அவள் என்னிடம் பேசுவதில்லை.